கையொப்பம் கேட்ட விஞ்ஞானி

நம் பௌதிகப் புத்தகங்களில் தொடர்வினை என்பது ஒரு படத்தோடும் இரண்டு சமன்பாடுகளோடும் முடிந்து விடுகிறது. அதை முதலில் எண்ணிப் பார்த்த மனிதரின் கதை அங்கே இல்லை. ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் கழிக்கும் எனக்கு, அந்தக் கதை தெரியாமலிருப்பது குறையாகவே பட்டது.

லியோ ஸிலார்ட் 1898-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பொறியியல் படிக்க பெர்லின் போனவர், அங்கே பௌதிகத்துக்கு மாறினார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வெளியேறி லண்டன் சேர்ந்தார். அவ்வாண்டே, ஒரு நியூட்ரானை விழுங்கி இரண்டை உமிழும் தனிமம் கிடைத்தால் அணுவின் ஆற்றல் பெருகிக்கொண்டே போகுமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன் பயங்கரத்தையும் உணர்ந்தார். தம் காப்புரிமையை இரகசியமாகக் காக்கும்பொருட்டுப் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார்.

1938 இறுதியில் பெர்லினிலேயே யுரேனிய அணு பிளக்கப்பட்டது. ஹிட்லர் முந்திக்கொள்வாரோ என்று அஞ்சிய ஸிலார்ட், 1939-இல் ஐன்ஸ்டீனைக் கண்டு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் அனுப்பச் செய்தார். 1942 டிசம்பர் 2-ஆம் நாள் சிக்காகோவில் முதல் அணு உலை இயங்கியபோது பெர்மியுடன் அவரும் இருந்தார்.

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. அச்சத்துக்குக் காரணம் நீங்கிற்று. வேலை மட்டும் நிற்கவில்லை. ஜூலையில் ஸிலார்ட் ஒரு மனு எழுதினார். சரணடைவதற்கான நிபந்தனைகளைப் பகிரங்கமாக அறிவித்து, ஜப்பான் அவற்றை மறுத்தாலன்றிக் குண்டு வீசலாகாது என்பது அதன் சாரம். சக விஞ்ஞானிகள் சுமார் 70 பேர் கையொப்பமிட்டனர். மறுத்தவர்களும் உண்டு. மனுவோ ஜனாதிபதி ட்ரூமனின் கண்ணுக்கே எட்டவில்லை.

ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமா; 9-இல் நாகசாகி. ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 1,40,000 பேரும், நாகசாகியில் ஏறக்குறைய 70,000 பேரும் மாண்டனர். வீடுகளை இடித்துத் தீத்தடுப்பு வெளி அமைக்க ஹிரோஷிமாவில் வேலைக்கு நிறுத்தப்பட்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அழிந்தனர். காயமின்றித் தப்பியவர்களிலும் பலர், சில வாரங்களில் மயிர் உதிர்ந்து, இரத்தம் கசிந்து இறந்தனர். அது கதிர்வீச்சின் வேலை.

போருக்குப் பின் ஸிலார்ட் உயிரியலுக்குத் திரும்பினார். அணு ஆயுதக் குறைப்புக்காக ஓயாது உழைத்தார். 1960-இல் புற்றுநோய் கண்டபோது, தமக்கான கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தாமே வகுத்துக் குணமடைந்தார். 1964-இல் மாரடைப்பால் காலமானார்.

கொன்றதும் கதிர்வீச்சு, காத்ததும் கதிர்வீச்சு. அந்த மனு என் மேசைக்கு வந்திருந்தால் நான் கையொப்பமிட்டிருப்பேனா? வேலை போய்விடுமே என்று தயங்கியிருப்பேனா? துணிந்து விடை சொல்ல என்னால் இயலவில்லை. நண்பர்களே, உங்களால் இயலுமா?