'சி' மொழியைத் தந்த டென்னிஸ் ரிச்சி

உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? அதன் அடித்தளமான லினக்ஸின் பெரும்பகுதி 'சி' என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியை உருவாக்கியவர்தான் டென்னிஸ் ரிச்சி. பி.காம். படித்து வங்கியில் காலம் கழித்த எனக்கே அவர் கதை புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

1941ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதி முடித்தும் பட்டம் வாங்கவில்லை. 1967ல், தந்தை பணியாற்றிய பெல் ஆய்வகத்திலேயே சேர்ந்தார்.

அங்கே 1969ல் அவருடைய சகா கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கினார். அப்போதெல்லாம் இயங்குதளத்தைப் பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்துக்கு உரிய மொழியில்தான் எழுதுவார்கள். இயந்திரம் மாறினால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும்.

தாம்சன் 'பி' என்று ஒரு சிறு மொழி செய்திருந்தார். அதில் எழுத்து, எண் என்ற பாகுபாடு கிடையாது. புதிதாக வந்த பிடிபி-11 கணினிக்கு அது ஒத்துவரவில்லை. அந்தக் கணினியின் நினைவகமோ வெறும் 24 கிலோபைட். 1971ல் ரிச்சி 'பி'யைத் திருத்தத் தொடங்கினார். எழுத்து வேறு, எண் வேறு என்று வகை பிரித்தார். லெட்ஜரில் பெயர், கணக்கு எண், இருப்பு மூன்றையும் ஒரே பக்கத்தில் வைப்போமே, அதுபோல் பல விவரங்களை ஒன்றாகக் கட்டவும் வழி செய்தார். 1973ல் யூனிக்ஸையே 'சி'யில் திருப்பி எழுதினார்கள். பின்னாளில் அது பல வகைக் கணினிகளுக்கும் போனது.

ஒன்றைக் கவனியுங்கள். வங்கியில் நான் எழுதிய வவுச்சரை அதிகாரி சரிபார்த்துத்தான் கையெழுத்திடுவார். 'சி'யில் அந்த அதிகாரி இல்லை. பத்துப் பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் பதினோராவதை எழுதினாலும் தடுக்காது. பக்கத்தில் இருப்பதன் மேல் எழுதிவிடும். அதன் வேகத்துக்கு இது ஒரு காரணம், ஆபத்துக்கும் இதுவே காரணம். 1988ல் இணையத்தை முடக்கிய மோரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் இந்த ஓட்டையும் ஒன்று.

1983ல் தாம்சனுடன் டூரிங் விருது பெற்றார். 2011 அக்டோபர் 5ல் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தபோது உலகமே பேசியது. ஒரு வாரம் கழித்து, 12ஆம் தேதி, தனியாக வசித்த ரிச்சி வீட்டில் இறந்துகிடந்தது தெரியவந்தது. செய்தி அவ்வளவாகப் பரவவில்லை.

நம் குடியிருப்பிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் உண்டு. இன்று மாலை ஒரு கதவைத் தட்டி, நலமா என்று கேட்டுவிட்டு வாருங்களேன்.