ஹேண்ட் பிரேக்குக்குப் பின்னாடி ஒரு மனுஷன்: லூயி ரெனோ

ஒரகடம் பக்கம் போனா அந்த வைர வடிவச் சின்னத்தைப் பார்க்காம இருக்க முடியாது. நாம ரெனால்ட்னு சொல்றோம், பிரெஞ்சுக்காரங்க ரெனோன்னு சொல்வாங்க. 2010 மார்ச்ல ரெனோ-நிசான் கூட்டணி இங்க தொழிற்சாலையைத் திறந்தப்போ, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இறந்து 65 வருஷம் ஆகியிருந்தது. ஆட்டோமொபைல் லேப்ல தேஞ்சுபோன ஹேண்ட் பிரேக் ஷூவை எப்பவாவது கழட்டியிருக்கீங்களா? அப்படின்னா அவரோட வேலையை ஏற்கெனவே கையில பிடிச்சுப் பார்த்துட்டீங்க.

லூயி ரெனோ 1877-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா வசதியான வியாபாரி. பையனுக்குப் படிப்பு ஏறல, பேச்சும் சரளமா வராது. மெஷின்னா மட்டும் உயிர். நீராவிக் கார் செய்துகொண்டிருந்த செர்போலேயின் பட்டறையே கதின்னு கிடந்தார். பெரிய பொறியியல் கல்லூரியான எகோல் சென்ட்ராலில் இடம் கிடைக்கல. அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் இந்த வரியைக் கொஞ்சம் மெதுவா படிங்க.

பாரிஸை ஒட்டிய பிய்யாங்கூரில் அவங்க குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. அதன் தோட்டத்துக் கொட்டகையில்தான் எல்லாம் ஆரம்பிச்சது. 1898-ல், 21 வயசில், ஒரு தி தியோன் மூணு சக்கர வண்டியைப் பிரிச்சு நாலு சக்கர வண்டியா மாத்தினார். அப்போ பெரும்பாலான கார்களில் இன்ஜின் சக்தி சங்கிலி வழியாவும் பெல்ட் வழியாவும்தான் சக்கரத்துக்குப் போகும். லூயி சங்கிலியைத் தூக்கிட்டு ஒரு ஷாஃப்ட் போட்டார். டாப் கியரில் சக்தி நேரா அந்த ஷாஃப்டுக்குப் போகிற மாதிரி கியர்பாக்ஸை அமைச்சார். அந்த வருஷம் டிசம்பர் 24 ராத்திரி, மோன்மார்த்ரில் இருக்கிற செங்குத்தான லெப்பிக் தெருவில் வண்டியை ஏத்திக் காட்டினார். பார்த்தவங்க அன்னிக்கே 12 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தாங்க. அடுத்த வருஷம் அண்ணன்கள் மார்செல், ஃபெர்னான் இருவரும் கம்பெனியைத் தொடங்கினார்கள்.

மேட்டுல ஏறியாச்சு. ஆனா அங்க வண்டியை நிறுத்தி வைக்கணுமே? இங்கதான் பிரேக் கதை வருது.

அந்தக் காலத்து பிரேக் பெரும்பாலும் டிரம்மோட வெளிப்பக்கத்தைச் சுத்திப் பிடிக்கிற ஒரு பட்டை. சேறு, தண்ணி, தூசி எல்லாம் அதுமேலதான் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. டிரம் ஒரு திசையில் சுத்தினா பட்டை தானா இறுகும், எதிர்த்திசையில் சுத்தினா தளரும். மேட்டுல நின்ன வண்டி பின்னாடி உருளாம இருக்க, தரையில் குத்தி நிற்கிற மாதிரி ஒரு இரும்புக் கம்பியைக் கட்டித் தொங்கவிட்ட வண்டிகள் கூட உண்டு.

1902-ல் லூயி பிரேக்கை டிரம்முக்குள்ள கொண்டுபோனார். பிறை மாதிரி வளைஞ்ச ரெண்டு ஷூ, நடுவுல ஒரு கேம். லீவரை இழுத்தா கேம் திரும்பும், ஷூக்கள் விரிஞ்சு டிரம்மோட உள்சுவரை அழுத்தும். சேறு சுலபமா உள்ளே வராது. டிரம் எந்தப் பக்கம் உருளப் பார்த்தாலும், ரெண்டு ஷூவில் ஏதாவது ஒண்ணை அந்தச் சுழற்சியே இழுத்து இன்னும் இறுக்கும். ஏத்தமோ இறக்கமோ, பிடி விடாது.

கால் பிரேக்குக்குப் பிறகு எண்ணெய் அழுத்தம் வந்தது, டிஸ்க் வந்தது. ஆனா ஹேண்ட் பிரேக் பல கார்களில் இன்னிக்கும் லீவர், கேபிள், ஷூ, டிரம்தான். பின்சக்கரத்தில் டிஸ்க் இருக்கிற சில கார்களைக் கழட்டிப் பாருங்க, டிஸ்க்கோட நடுக்குழியிலேயே ஒரு சின்ன டிரம் ஒளிஞ்சிருக்கும். நின்ன வண்டியைப் பிடிக்கிறது மட்டும்தான் அந்த ஷூவோட வேலை, அதனால அது சீக்கிரம் தேயாது. சீக்கிரம் தேஞ்சிருந்தா, யாரோ ஹேண்ட் பிரேக்கை விடாமலே வண்டி ஓட்டியிருக்கலாம்.

மாத்தும்போது முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க, லீவரை முழுசா இறக்குங்க. ஒரு பக்கத்தை முடிச்சிட்டு மறுபக்கம் போங்க. ஸ்பிரிங் எது எங்கேன்னு குழம்பினா, பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கலாம். தூசியை வாயால ஊதாதீங்க, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கிரீஸை பேக் பிளேட்டில் ஷூ உரசுற இடத்தில் மட்டும் லேசா தடவுங்க, லைனிங்கில் படவே கூடாது. ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் புதுசு போடணும். முதல்ல ஷூ இடைவெளியைச் சரி செய்யணும், கேபிளைக் கடைசியில்தான் தொடணும்.

சரி, லூயிக்குத் திரும்புவோம். 1903 மே மாசம் பாரிஸ்-மாட்ரிட் பந்தயம். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஓட்டினாங்க. முன்னாடி போன வண்டி கிளப்பின புழுதியில் மார்செலுக்குப் பாதை தெரியல. வண்டி கவிழ்ந்து, சில நாளில் இறந்துபோனார். லூயி அதுக்கப்புறம் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. 1909-ல் ஃபெர்னானும் போய்ட்டார். கம்பெனி மொத்தமும் லூயி ஒருத்தர் கையில்.

அதுக்கப்புறம் அவர் நிற்கவே இல்லை. ஸ்டாப்வாட்ச் வெச்சுத் தொழிலாளியோட வேலையை அளந்தார். அதை எதிர்த்து 1913-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, தொழிலாளர்கள் தோற்றார்கள், பலருக்கு வேலை போனது. இன்டர்ன்ஷிப்பில் சைக்கிள் டைம் ஷீட் நிரப்பினவங்களுக்கு அந்த ஸ்டாப்வாட்ச் அந்நியமா இருக்காது. 1914-ல் பாரிஸை நோக்கி ஜெர்மன் படை வந்தப்போ, மார்ன் போர்முனைக்கு வீரர்களை ஏத்திப் போனது ரெனோ டாக்சிகள். 1917-ல் வந்த எஃப்டி டாங்கி, சுத்தித் திரும்பும் பீரங்கிக் கூண்டை மேலே வெச்ச அமைப்பால பின்னாடி வந்த டாங்கிகளுக்கெல்லாம் முன்மாதிரி ஆச்சு. நாடே கொண்டாடின மனுஷர் அவர்.

1940-ல் பிரான்ஸ் விழுந்தது. தொழிற்சாலை ஜெர்மானியக் கண்காணிப்புக்குள் போனது. லூயி அதை மூடல. அங்கே செய்த லாரிகள் ஜெர்மன் படைக்குப் போயின. 1942 மார்ச்ல பிரிட்டிஷ் விமானங்கள் பிய்யாங்கூர் மேல குண்டு போட்டன, சுத்துப்பட்டில் இருந்த நூற்றுக்கணக்கான மக்கள் செத்தாங்க. மூடியிருந்தா மெஷினையும் தொழிலாளிகளையும் ஜெர்மனிக்கே அள்ளிட்டுப் போயிருப்பாங்க என்பது அவர் தரப்பு நியாயம். அந்த லாரியில் போனது யாரு என்பது எதிர்த்தரப்புக் கேள்வி.

1944 செப்டம்பரில் கைது செய்யப்பட்டார். விசாரணை நடக்கிறதுக்கு முன்னாடியே, அக்டோபர் 24 அன்று, 67 வயதில் இறந்தார். 1945 ஜனவரியில் அரசு கம்பெனியை எடுத்துக்கொண்டது. அந்த வழக்கில் தீர்ப்பு வரவே இல்லை.

படிப்பு முடிஞ்சதும் நம்மில் பலர் இந்த ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் சாலையில்தான் ஷிஃப்டுக்குப் போகப் போறோம். ஓடுற வண்டியை எப்படி நிறுத்துறதுன்னு சிலபஸில் இருக்கு. ஓடுற லைனை எப்போ நிறுத்தணும், யார் நிறுத்தணும்னு சிலபஸில் கிடையாது. லூயி ரெனோவுக்கு அந்தக் கேள்வி வந்தப்போ வயசு 63. நமக்கு முதல் வருஷத்திலேயே, ஒரு தப்பான பார்ட் லைனில் போறதைப் பார்க்கும்போதே வரலாம். இப்பவே யோசிச்சு வெச்சுக்குங்க.