வர்க்கமும் மூலமும் கண்ட வீரசேனாசாரியர்

சுருத பஞ்சமியன்று ஏடுகளை அலங்கரித்து வணங்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஷட்கண்டாகமம் நிறைவெய்திய திருநாள் அது என்பதும், அவ்வாகமத்திற்குத் தவளா என்னும் பேருரை கண்டவர் வீரசேனாசாரியர் என்பதும் பலர் அறிந்தவையே. அவ்வுரைக்குள் ஆழ்ந்த கணிதம் ஒன்று பொதிந்து கிடப்பதை அறிந்தோர் சிலரே. இன்று பள்ளிப் பிள்ளைகள் அஞ்சும் பின்ன அடுக்குகளும் மூலங்களும் அங்கே ஆகமப் பொருளாகவே பேசப்படுகின்றன.

கிர்நார் மலையில் தரசேனாசாரியரிடம் பாடங்கேட்ட முனிவர் இருவருள் புஷ்பதந்தர் வனவாசிக்கும், பூதபலி தமிழ் நாட்டிற்கும் சென்றனர் என்பது மரபு. அவர்கள் யாத்த சூத்திரங்களுக்குப் பின்வந்தோர் செய்த பழைய உரைகள் இன்று நமக்குக் கிட்டவில்லை. அந்தக் குறையை நீக்கியவர் வீரசேனர்.

அவர் பஞ்சஸ்தூப அந்வயத்தைச் சார்ந்தவர். சந்திரசேனரின் மாணவராகிய ஆரியநந்தியின் மாணவர். சித்தாந்தம் பயின்றது சித்திரகூடத்தில், ஏலாசாரியரிடம். பொன்னூர் மலையோடு நாம் சேர்த்துப் போற்றும் ஏலாசாரியர் வேறு. இவர் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். பெயரொற்றுமை கொண்டு மயங்குதல் கூடாது. கல்வி முற்றியபின் வீரசேனர் வாடகிராமம் சென்று, அங்கிருந்த ஜினாலயத்தில் தங்கி உரையெழுதத் தொடங்கினார். ஆறு கண்டங்களுள் முதல் ஐந்திற்கு, பிராகிருதமும் சமஸ்கிருதமும் கலந்த நடையில், 72,000 கிரந்த அளவில் அமைந்த அவ்வுரை கி.பி. 816-இல் நிறைவுற்றது என்பது பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு.

துறவிக்கு எண்ணும் கணக்கும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். குணஸ்தானம் ஒவ்வொன்றிலும் மார்க்கணை ஒவ்வொன்றிலும் உள்ள ஜீவர்கள் எத்துணையர் என்பதை ஆகமமே அளவிட்டுச் சொல்கிறது. திரவியப்பிரமாணம் என்னும் அப்பகுதிக்கு உரையெழுதுவோர், கணக்கிற்கு அடங்குவது, அடங்காதது, முடிவற்றது ஆகிய மூன்றையும் பிரித்துக் காட்டியாக வேண்டும். பெரிய எண்ணைக் கண்டு மலைத்து முடிவற்றது என்று எழுதிவிட்டால் அது பொய்யுரையாகிவிடும். சத்திய விரதம் பூண்டவருக்கு அது இயலுமா?

வீரசேனர் கையாண்ட வழி ஓர் ஏணியை ஒத்தது. இரண்டை எடுத்து அதனையே அதனால் பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். அடுத்தடுத்து 16, 256, 65536 என ஏறும். ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் தம்முள் பெருக்கினால் வருவது 29 இலக்கங்கள் கொண்ட 79228162514264337593543950336. பரியாப்த மனிதர்க்கு நம் நூல்கள் கூறும் தொகை இதுவே. இரண்டால் தொடர்ந்து 96 முறை மிச்சமின்றி வகுபடுவது இவ்வெண். இவ்வாறு எத்தனை முறை பாதியாக்கலாம் என்னும் தொகைக்கு அர்த்தச்சேதம் என்று பெயர். பாதியாக்குவதற்குப் பதில் மூன்றாலும் நான்காலும் வகுத்துக் காணும் திரிகச்சேதம், சதுர்த்தச்சேதம் ஆகியவையும் தவளாவில் உள. இன்றைய கணிதநூலார் மடக்கை என்பது இக்கருத்தையே.

ஏணியில் ஏறியதைப் போலவே இறங்கவும் செய்யலாம். இறங்கும் படிகளே மூலங்கள். 65536-இன் முதல் வர்க்கமூலம் 256, இரண்டாவது 16, மூன்றாவது 4. இவற்றின் அர்த்தச்சேதங்களைப் பாருங்கள். 65536-க்கு 16, அதன் மூலத்திற்கு 8, அடுத்ததற்கு 4, அதற்கடுத்ததற்கு 2. ஒரு முறை மூலம் எடுக்க, அர்த்தச்சேதம் ஒரு முறை பாதியாகிறது. ஆகவே முதல் வர்க்கமூலம் என்பது அரை அடுக்கு. இரண்டாவது, கால் அடுக்கு. மூன்றாவது, அரைக்கால் அடுக்கு. பின்ன அடுக்கு என்பதன் பொருள் இவ்வளவே.

முதல் மூலமாகிய 256-ஐ இரண்டாம் மூலமாகிய 16-ஆல் பெருக்கினால் 4096. இது 16-இன் கனத்திற்குச் சமம். இவ்விதியைச் சுவேதாம்பரர் போற்றும் அநுயோகத்வார சூத்திரமும் சொல்கிறது. அரையும் காலும் கூடி முக்கால் என்பதே அதன் உட்பொருள். ஒன்றரை அடுக்கைத் தவளா ஓர் எண்ணின் கனத்திற்கு முதல் வர்க்கமூலம் என்று குறிக்கும். நான்கின் கனம் 64, அதன் மூலம் 8. முதலில் மூலமெடுத்து 2 ஆக்கிப் பின் கனம் செய்தாலும் அதே 8 வரும். பின்னத்தின் மேலெண் படியையும் கீழெண் மூலத்தையும் சொல்லும்; எதை முதலில் செய்யினும் விடை மாறாது.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பின்ன அடுக்கை எழுதும் குறியீட்டை வீரசேனர் கண்டார் எனக் கூறுவது மிகை. வர்க்கம், கனம், அவற்றின் மூலங்கள் என்னும் சொற்களைக் கோத்தே எல்லாவற்றையும் சொன்னார். ஆதலால் ஐந்தில் ஒரு பங்கு அடுக்கு போன்றவற்றைச் சொல்ல அம்முறையில் எளிய வழி இல்லை. இன்றைய எண்குறி ஐரோப்பாவில் நியூட்டன் 1676-இல் எழுதிய கடிதங்களில் காணப்படுகிறது. வீரசேனருக்கு உரிய புகழே போதியது. பிறர் புகழைச் சேர்த்து அவருக்குச் சூட்ட வேண்டியதில்லை.

தவளா முடிந்தபின் கஷாயபாகுடத்திற்கு ஜயதவளா உரையைத் தொடங்கிய ஆசாரியர், 20,000 கிரந்தம் எழுதிய நிலையில் மறைந்தார். மாணவர் ஜினசேனர் மேலும் 40,000 எழுதி கி.பி. 837-இல் அதனை நிறைவு செய்தார். அந்த ஜினசேனரும் தம் மகாபுராணத்தை முடிக்குமுன் மறைய, அதை முடித்தவர் அவர் மாணவர் குணபத்திரர். நம் இல்லங்களில் படிக்கப்பெறும் ஸ்ரீபுராணத்திற்கு மூலம் அந்நூலே.

தவளா பல நூற்றாண்டுகள் மூடபித்ரியில் கன்னட எழுத்து ஓலைகளில், வணங்குவார்க்கு மட்டும் காட்டப்பெற்றுப் படிப்பாரின்றி இருந்தது. ஹீராலால் ஜெயின் அவர்கள் பதிப்பில் 1939-இல் முதல் தொகுதியும், 1958-க்குள் பதினாறும் வெளிவந்தன. 1942-இல் வந்த நான்காம் தொகுதியில், லக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் இக்கணிதத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இடம்பெற்றது.