விபுலாநந்த அடிகளும் இலக்கணம் பயிற்றும் நெறியும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த நாட்டிற்கு அணியாய்த் தோன்றிய பெரியார் விபுலாநந்த அடிகள். இவர் 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள், காரைதீவிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய்ப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன் என்பது. குஞ்சித்தம்பி ஆசிரியரிடத்து எழுத்தறிந்து, வைத்தியலிங்க தேசிகரிடத்துத் தமிழும் வடமொழியும் பயின்று, பின்னர்க் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலங் கற்றார். கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதத் தேர்விலும், 1920-ஆம் ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானத் தேர்விலும் தேறினார்.

இலக்கணப் புலமையும் விஞ்ஞானப் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடிய இச்சிறப்பினை ஆசிரியராவோர் உற்று நோக்குதல் வேண்டும். பொருளை முன்வைத்து ஆராய்ந்து அதன்கண் விதியைக் காண்பது விஞ்ஞான நெறி. அடிகள் தமிழிலும் அந்நெறியே நின்றார். 1926-இல் வெளிவந்த மதங்கசூளாமணியிலே, சேக்சுபியரின் நாடகங்களை எடுத்துக்காட்டி நாடகவிலக்கணத்தை விளக்கினார். வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைப் பழைய நூல்களினின்றுங் கணக்கினாலே தேர்ந்து, யாழ்நூல் இயற்றினார். அது 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது.

1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடஞ் சேர்ந்து, 1924-இல் துறவு பூண்ட அடிகள், ஈழம் மீண்டு கல்விப்பணி புரிந்தார். கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயம் 1929-இல் அவர் முயற்சியால் எழுந்தது. அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும், 1943 முதல் இலங்கைச் சர்வகலாசாலையிலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் இறைவன் திருவடி எய்தினார்.

இனி, இவ்வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? சூத்திரத்தை முன்னே நெட்டுருச் செய்வித்துப் பொருளைப் பின்னே கூறுவோமாயின், மாணாக்கர் இலக்கணத்தை வெறுப்பர். நாளடைவில் தமிழையே வெறுப்பர். அவர் நாவிலே பயிலுஞ் சொல்லினின்று தொடங்குதலே தக்கது. அடிகளின் பள்ளி நின்ற ஊர்ப்பெயரையே நோக்குமின். கல்லும் அடியும் புணருங்கால் லகரம் இரட்டித்துக் கல்லடி ஆகின்றது. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வரின் இரட்டும் என்னும் விதி இதன்கண் உளது. உப்பும் ஓடையும் புணருங்கால் குற்றியலுகரங் கெட்டு உப்போடை ஆகின்றது. ஓர் ஊர்ப்பெயரில் இரண்டு விதிகள்! இவற்றை மாணாக்கரே பிரித்துக் காணச்செய்து, சொல், பல் முதலிய சொற்களையும் அவ்வாறே புணர்ப்பித்து, அதன்பின் சூத்திரத்தை ஓதுவித்தால் அது நெஞ்சில் நிலைக்கும். மனனஞ் செய்தலும் எளிதாகும்.

இதற்கு ஆசிரியர்க்கு வேண்டுவன மூன்று: நூலைப் பிழையறக் கற்ற புலமை, மாணாக்கர் பேசும் வழக்கினை இகழாது அறியும் அறிவு, கொள்வோன் கொள்ளும் வகையறிந்து, வெகுளாது, முகமலர்ந்து கொடுக்கும் பொறுமை. மூன்றாவதனை நன்னூலின் பாயிரமும் ஆசிரியர்க்கு விதித்துள்ளது.

தேவாரத் திருவாசகங்களின் பொருளைச் சைவச் சிறார் ஐயமற உணர்தற்கு இலக்கணமே வாயில். அவ்வாயிலைத் திறந்து வைத்தல் சைவாசிரியர் கடன். திருவருள் துணை நிற்க.