ஆள் குறைந்த அவையும் ஆஸ்கர் வைல்டும்

புது தில்லி: 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி பின்னிரவு. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் உறுப்பினர்கள் சிலரே அமர்ந்திருந்தனர். சிறுமிகளைப் பாலியல் தொழிலில் தள்ளுவோரைத் தண்டிப்பதற்கான மசோதா பரிசீலனையில் இருந்தது. நார்தாம்ப்டன் தொகுதி உறுப்பினரும் பத்திரிகையாசிரியருமான ஹென்றி லபூஷேர் எழுந்து, மசோதாவின் நோக்கத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். ஆண்களுக்கிடையிலான உறவு, பொது இடத்தில் மட்டுமன்றி நான்கு சுவர்களுக்குள் நடந்தாலும் குற்றமாகும் என்பதே அத்திருத்தம். இது விதிகளுக்கு உட்பட்டதா என்று ஓர் உறுப்பினர் ஐயம் எழுப்பினார். அவை அனுமதித்தால் எதையும் சேர்க்கலாம் என்று அவைத் தலைவர் தீர்ப்பளித்தார். ஓராண்டுச் சிறை என்றிருந்ததை ஈராண்டாக உயர்த்துமாறு மற்றோர் உறுப்பினர் யோசனை கூற, அதுவும் ஏற்கப்பட்டது. விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் நடைபெறாமலேயே திருத்தம் நிறைவேறியது.

பத்தாண்டுகள் கழித்து, லண்டனின் புகழ்பெற்ற நாடகாசிரியரைச் சிறைக்கு அனுப்பியது இந்தச் சட்டப்பிரிவுதான். அவர் ஆஸ்கர் வைல்ட்.

வைல்ட் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் வைல்ட் கண், காது மருத்துவத்தில் பெயர்பெற்றவர். தாய் ஜேன், ஸ்பெரான்சா என்ற புனைபெயரில் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கனல் கக்கும் கவிதைகளை எழுதிய அயர்லாந்து தேசியவாதி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற மகன், 1878இல் ஆக்ஸ்போர்டின் நியூடிகேட் கவிதைப் பரிசை வென்று லண்டனுக்கு வந்தார்.

நூல்கள் வெளிவரும் முன்பே அவரது உடையும் நாவும் பிரபலமாகிவிட்டன. வெல்வெட் மேலங்கி, நீண்ட தலைமுடி, பிற்காலத்தில் சட்டையில் செருகிய பச்சை நிறப் பூ என்று நடமாடிய அவரைக் கேலிச்சித்திரக்காரர்கள் விடவில்லை. அவரும் அதை விரும்பினார். 1882இல் அமெரிக்கா சென்று ஏறத்தாழ ஓராண்டு ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். கொலராடோவின் சுரங்கத் தொழிலாளர்கள்கூடக் கூடி நின்று கேட்டனர். ஒருவரது பேச்சைக் கேட்பதற்காகவே மைல் கணக்கில் நடந்து செல்லும் வழக்கத்தைக் கண்ட தமிழக வாசகர்களுக்கு இதில் வியப்பு இராது.

1884இல் கான்ஸ்டன்ஸ் லாயிடை மணந்தார். இரு மகன்கள் பிறந்தனர். 'தி ஹேப்பி பிரின்ஸ்' என்ற சிறுவர் கதை வெளிவந்தது 1888இல். நகர்ப்புற வறுமையைக் கண்டு தன் பொன் தகடுகளையும் மணிகளையும் இழக்கும் சிலையின் கதை அது. என்.சி.இ.ஆர்.டி.யின் 9ஆம் வகுப்புத் துணைப்பாட நூலிலும் இடம்பெற்றதால், மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் மத்திய பாடத்திட்ட மாணவர்கள் பலர் வைல்டை அறிந்தது இக்கதை வழியாகவே.

அரசியல் வாசகர்கள் கவனிக்க வேண்டிய நாடகம் 1895 ஜனவரியில் அரங்கேறிய 'ஆன் ஐடியல் ஹஸ்பண்ட்'. சூயஸ் கால்வாய்ப் பங்குகள் குறித்த அமைச்சரவை ரகசியத்தை இளமையில் விற்றுப் பணம் சேர்த்த ஒருவர், நேர்மையாளர் என்ற பெயருடன் வெளியுறவுத் துறைத் துணை அமைச்சராக இருக்கிறார். ஒரு மோசடிக் கால்வாய்த் திட்டத்தை அவையில் ஆதரித்துப் பேசுமாறு ஒரு பெண் அவரை மிரட்டுகிறாள். 1869இல் சூயஸ் திறந்தபின் மும்பைத் துறைமுகம் அடைந்த வளர்ச்சி நாம் அறிந்ததே. அந்தக் கால்வாயின் பெயரால் லண்டனில் நடந்திருக்கக்கூடிய பேரங்களை நகைச்சுவையாக மேடையேற்றியவர் வைல்ட். தில்லியில் பணியாற்றும் நிருபர் எவரும் இந்நாடகத்தைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

அவ்வாண்டு பிப்ரவரி 14இல் 'தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' அரங்கேறியது. அரங்கம் அதிர்ந்தது. அதிலிருந்து சரியாக 100ஆவது நாளில் வைல்ட் கைதியானார்.

ஆல்பிரட் டக்ளஸ் என்ற இளைஞருடன் வைல்ட் கொண்டிருந்த நெருக்கத்தை அவ்விளைஞரின் தந்தையான குயின்ஸ்பெரி பிரபு வெறுத்தார். வைல்ட் உறுப்பினராக இருந்த மன்றத்தில் அவரை இழிவுபடுத்தும் அட்டை ஒன்றை எழுதி வைத்துச் சென்றார். கிழித்தெறிந்திருக்கலாம், நண்பர்களும் அதையே வலியுறுத்தினர். டக்ளஸின் தூண்டுதலால் வைல்ட் அவதூறு வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வழக்குரைஞர் எட்வர்ட் கார்சன், டிரினிட்டி கல்லூரியில் வைல்டுடன் படித்தவர், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. பின்னாளில் அயர்லாந்தின் தன்னாட்சியை எதிர்த்து வடபகுதியினரைத் திரட்டியவரும் இவரே. குறுக்கு விசாரணையில் வைல்டின் பதில்களுக்கு நீதிமன்றம் சிரித்தது. ஒரு பணியாளைப் பற்றிய கேள்விக்கு வேடிக்கையாகச் சொன்ன ஒரு பதிலில் அவர் சறுக்கினார். கார்சன் அதையே பிடித்துக்கொண்டார். ஊரைச் சிரிக்க வைத்த நாவே அவரைக் கவிழ்த்தது.

ஏப்ரல் 5இல் அவதூறு வழக்கு கைவிடப்பட்டது. அன்றே வைல்ட் கைதானார். முதல் விசாரணையில் ஜூரிகளிடையே உடன்பாடு ஏற்படவில்லை. அத்துடன் விட்டிருக்கலாம் என்று கருதியோர் அன்றும் இருந்தனர். அரசு விடவில்லை. இரண்டாவது விசாரணையை அரசுத் தரப்பில் நடத்தியவர் சொலிசிட்டர் ஜெனரலே. மே 25இல் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

வைல்டைத் தியாகியாக மட்டும் சித்திரிப்பதும் நேர்மையாகாது. தன் வழக்குரைஞரிடமே அவர் உண்மையை மறைத்தார். மனைவியைப் புறக்கணித்தார். பணமும் பரிசும் தந்து அவர் பழகிய ஏழை இளைஞர்களில் சிலர் பதின்ம வயதினர். அது இன்றைய அளவுகோலிலும் கேள்விக்குரியதே. ஆனால், சட்டம் தண்டித்தது இவற்றுக்காக அல்ல.

நாடு அவரை அழிக்க முற்பட்ட வேகம்தான் திகைப்பூட்டுகிறது. நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே சுவரொட்டிகளில் அவர் பெயர் நீக்கப்பட்டது. தண்டனைக்கு முன்பே வீட்டுப் பொருள்கள் ஏலம் போயின. பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலை அவரது அனுமதிச் சீட்டை ரத்து செய்தது. மனைவியும் மகன்களும் ஹாலண்ட் என்று குடும்பப்பெயரை மாற்றிக்கொண்டனர். 1895 நவம்பரில் ரெடிங் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, கிளாபம் ஜங்ஷன் ரயில் நிலைய நடைமேடையில் கைவிலங்குடன் அரைமணி நேரம் மழையில் நிறுத்தப்பட்டார். நம் தாதர் நிலையம்போல் எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள இடம் அது. கூடியவர்கள் சிரித்தனர். அவர் யார் என்று தெரிந்தபின் இன்னும் உரக்கச் சிரித்தனர்.

லிபரல் கட்சி உறுப்பினர் ஹால்டேன் மட்டும் சிறைக்குச் சென்று பார்த்து, நூல்கள் கிடைக்க வழிசெய்தார். அதே சபையிலிருந்து இப்படியும் ஒருவர் வந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1897 மே 19இல் விடுதலையான வைல்ட், ஒன்பது நாள்களில் நாளிதழ் ஒன்றில் நீண்ட கடிதம் எழுதினார். தன்னைப் பற்றியல்ல. சிறையில் பசித்தழுத சிறுவனுக்கு பிஸ்கட் கொடுத்ததற்காகக் காவலர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டதை அதில் வெளிப்படுத்தினார். மறு ஆண்டு, ஒரு தூக்குத் தண்டனையைப் பற்றிய நெடுங்கவிதை அவரது சிறை எண்ணான சி.3.3 என்ற பெயரில் வெளிவந்து விற்றுத் தீர்ந்தது. பிறகு அவர் எதுவும் படைக்கவில்லை. பாரிஸில் ஒரு மலிவான விடுதியில் 1900 நவம்பர் 30இல், 46ஆம் வயதில் காலமானார்.

இந்தியாவுக்கு வருவோம். வைல்டைத் தண்டித்த பிரிவுக்கும் முந்தையது, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு. அதை எதிர்த்த குரல்கள் உரக்க எழுந்த நகரங்களில் மும்பை முக்கியமானது. 'பாம்பே தோஸ்த்' இதழ் 1990இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் தளர்த்திய பிரிவுக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிரூட்டியது. நாடாளுமன்றமே முடிவு செய்யட்டும் என்றது.

நாடாளுமன்றம் என்ன செய்தது? 2015 ஏப்ரல் 24இல், திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவை ஏற்ற முதல் தனிநபர் மசோதா அது. அவ்வாண்டு டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை பிற்பகல். 377ஆவது பிரிவைத் திருத்தும் மசோதாவை அறிமுகம் செய்ய சசி தரூர் மக்களவையில் அனுமதி கோரினார். ஆதரவு 24, எதிர்ப்பு 71. உறுப்பினர்கள் ஊருக்குப் புறப்பட்டுவிடும் அந்த வேளையில், வாக்கெடுப்பில் பங்கேற்றோர் 543 பேரில் 100 பேர்கூட இல்லை. 2016 மார்ச்சிலும் அதே கதி: 14க்கு 58. விவாதத்துக்குக்கூட இடமில்லை.

2018 செப்டம்பர் 6இல், வயதுவந்தோர் விரும்பி மேற்கொள்ளும் உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. மும்பையில் பிறந்த நீதிபதி ரோஹின்டன் நாரிமன், தம் தீர்ப்பைத் தொடங்கியதே ஆல்பிரட் டக்ளஸின் கவிதை வரியொன்றைச் சுட்டித்தான்.

அவ்வாண்டு ஜூன் 19இல், தண்டிக்கப்பட்டவர்களிடம் அயர்லாந்து நாடாளுமன்றம் மன்னிப்பு கோரியது. அப்போதைய பிரதமர் லியோ வரத்கர் தன்பாலின ஈர்ப்பாளர். அவரது தந்தை மும்பையிலிருந்து சென்ற மருத்துவர். வரத்கரும் மாட்டுங்காவிலிருந்து இரண்டே நிலையம் தள்ளியுள்ள பரேலின் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர். சிங்கப்பூரில் 1938 முதல் இருந்த, லபூஷேர் திருத்தத்தின் வாரிசான 377ஏ பிரிவை, 2022இல் அந்நாட்டு நாடாளுமன்றமே விவாதித்து நீக்கியது.

2025 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம், 130 ஆண்டுகளுக்கு முன் ரத்தான அனுமதிச் சீட்டை வைல்டின் பெயரில் மீண்டும் வழங்கியது. பெற்றுக்கொண்டவர் அவரது பேரன் மெர்லின் ஹாலண்ட். வைல்ட் என்ற குடும்பப்பெயருக்கு அவர்கள் திரும்பவே இல்லை.