நாவலர் பெருமானும் வித்தியாசாலை அச்சுக்கூடமும்

நல்லூரில் 1822 இல் கந்தப்பிள்ளை, சிவகாமி தம்பதியரின் மைந்தராக அவதரித்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் கற்று அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டே அப்பதவியையும் துறந்தார்.

பிள்ளைகள் வந்தனர், கையிற் கொடுக்கப் புத்தகமில்லை. அச்சுப் புத்தகங்கள் பெரும்பாலும் மிசனரிமாருடையவை. சைவ நூல்களோ ஏட்டுச் சுவடிகளாய்ச் சிலர் வீடுகளிற் கிடந்தன. ஓர் ஏட்டை வைத்து ஒரு வகுப்பை எப்படி நடத்துவது? கட்டிடமும் வாங்கும் மட்டும் போதாவென்று கண்ட நாவலர், 1849 இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டமளித்தது. பட்டத்தை நினைப்போர் பலர். யந்திரத்தை நினைப்போர் சிலரே.

அந்த யந்திரம் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையாயிற்று. வகுப்புக்கு வேண்டிய பாலபாடங்களை நாவலரே எளிய வசனநடையில் எழுதி அச்சிட்டார். ஆசிரியரின் மனனத்தில் இருந்த பாடம் பிள்ளையின் கைக்கு வந்தது. பிள்ளையோடு வீட்டுக்கும் போயிற்று. பின்னர் எழுந்த சைவப் பாடசாலைகளும் அப்பாலபாடங்களையே கைக்கொண்டன. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தாபித்தார்.

1879 இல் நாவலர் சிவபதமடைந்தார். பாலபாடம் அதன் பின்னும் பதிப்புப் பதிப்பாக வெளிவந்தது.