பாலிக்கிரட்டீஸ்

பாலிக்கிரட்டீஸ் (இறப்பு: கிமு 522) என்பவர் ஏஜியன் கடலிலுள்ள சாமோஸ் தீவை ஆண்ட கிரேக்கத் தனியாட்சியாளர் ஆவார். சிறந்த கடற்படையை உடையவராக இருந்தபோதிலும், இவர் கடலில் எறிந்த முத்திரை மோதிரத்தினாலேயே பெரிதும் அறியப்படுகிறார். இவரைப் பற்றிய செய்திகளுள் பெரும்பாலானவை ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றிலிருந்து கிடைப்பன.

ஆட்சி

ஏறத்தாழ கிமு 538ல் தம் உடன்பிறந்தார் இருவருடன் சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றினார். பின்னர் ஒருவரைக் கொன்று, மற்றவரை நாடு கடத்தினார். 100 போர்க்கப்பல்களும் 1000 வில்லாளரும் இவரிடம் இருந்தனர். அனாக்கிரியோன் முதலிய கவிஞர்கள் இவரது அவையில் வாழ்ந்தனர். மலையை இருபுறமும் குடைந்து அமைத்த, ஏறத்தாழ 1036 மீட்டர் நீளமான யூப்பலினோஸ் நீர்ச்சுரங்கம் இவர் காலத்தது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

மோதிரம்

அளவற்ற நற்பேறு கேட்டில் முடியும் என அஞ்சிய எகிப்திய மன்னர் அமாசிஸ், மிக விரும்பும் பொருளொன்றை இழந்துவிடுமாறு இவருக்கு அறிவுரை கூறினார். பாலிக்கிரட்டீஸ் தேர்ந்தெடுத்தது, சாமோசைச் சேர்ந்த தியோடோரஸ் செய்த, பொன்னில் பதித்த பச்சைக்கல் முத்திரையை. சில நாட்களில் மீனவர் ஒருவர் காணிக்கையாகக் கொடுத்த பெரிய மீனின் வயிற்றில் அது திரும்பக் கிடைத்தது. இதை அறிந்த அமாசிஸ் நட்பை முறித்துக்கொண்டார் என்பது கதை. எனினும், பாலிக்கிரட்டீசே எகிப்துக்கு எதிராகப் பாரசீகருக்குக் கப்பல்கள் அனுப்பியதை நோக்கும்போது, நட்பை முறித்தவர் இவராகவும் இருக்கலாம்.

அக்காலத்தில் முத்திரை வெறும் அணிகலன் அன்று. கடிதங்களையும் பண்டங்களையும் உரியவரின் அடையாளத்தால் காப்பது அதுவே. விற்ற முத்திரையின் பதிவைச் செதுக்குநர் தம்மிடம் வைத்திருத்தலாகாது என ஏதென்சில் சோலோன் சட்டம் இயற்றியதாகக் கூறப்படுவதும் இதனாலேயே. கிரேக்கச் செதுக்குநர் சூதுபவளம் போன்ற கற்களைச் சுழலும் கருவியாலும் குருந்தத் தூளாலும் குடைந்தனர். உருவம் தலைகீழாக அன்றி, இடவலம் மாறிச் செதுக்கப்படும்; மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தும்போது நேராகத் தோன்றும். ஹெரோடோட்டஸ் கூறும் சுமரக்தோஸ் என்னும் சொல் பல பச்சைக்கற்களைக் குறித்தது. எனவே இக்கல் மரகதமே எனக் கொள்ள இயலாது.

இறப்பு

கிமு 522ல் பாரசீக ஆளுநர் ஒரோயிட்டீஸ் செல்வம் தருவதாகக் கூறி இவரை மக்னீசியாவுக்கு வரவழைத்தார். மகள் தடுத்தும் கேளாமல் சென்ற இவர் அங்கு கொல்லப்பட்டு, உடல் மரத்தில் தொங்கவிடப்பட்டது.

பிற்காலத்தில் உரோமில் கொன்கார்டியா கோயிலில் இருந்த ஒரு கல் இவருடையது எனக் காட்டப்பட்டதாகப் பிளினி எழுதியுள்ளார். ஆனால் அது எதுவும் செதுக்கப்படாத கல். ஹெரோடோட்டஸ் கூறுவதோ முத்திரை.